கேமராக்களுக்குத் தனி வழி: பழைய டெஸ்க்டாப்பை லினக்ஸ் ரவுட்டர் ஆக்கிய அனுபவம்

எங்கள் வீட்டு இணையம் இப்போது ஒரு பழைய கோர் 2 டுயோ டெஸ்க்டாப் வழியாகத்தான் உள்ளே வருகிறது. 2 ஜிபி நினைவகம் கொண்ட அந்தப் பெட்டி, விண்டோஸ் அதில் திணறத் தொடங்கியபின் பரணில் கிடந்தது. இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டரே வேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் வாசலிலும் மாடியிலும் கேமராக்கள், ஒரு ஸ்மார்ட் டிவி, பிள்ளைகளின் போன்கள் என்று வீட்டுக்குள் சாதனங்கள் பெருகியபோது, எது யாரோடு பேசுகிறது என்று பார்க்க அந்த ரவுட்டரில் வழியே இல்லை. அதன் மென்பொருள் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதையும் அது சொல்லவில்லை. என் வீட்டிலிருந்து வெளியே போவது எது என்று எனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

கடையில் விற்கும் வீட்டு ரவுட்டர்கள் பலவற்றின் உள்ளேயும் ஓடுவது லினக்ஸ்தான். 2003ல் லிங்க்சிஸ் நிறுவனம் தன் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் மூலநிரலை, அதைப் பகிரச் சொல்லும் ஜிபிஎல் உரிமம் கோரியபடி வெளியிட்டது. அதை அடித்தளமாகக் கொண்டே அடுத்த ஆண்டு ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் லினக்ஸ் பிறந்தது. ஓப்பன்டபிள்யூஆர்டியைச் சாதாரண கணினியிலும் நிறுவலாம்; ரவுட்டர் வேலைக்கென்றே அமைந்த ஐபிஃபயரும் இருக்கிறது. உலாவியில் பொத்தான்களை அழுத்தி முடித்துவிட விரும்புபவர்களுக்கு இவை நல்லவை. நான் வெறும் டெபியன் என்ற பொதுப் பயன்பாட்டு லினக்ஸை எடுத்துக்கொண்டேன். விதிகளை ஒரே கோப்பில் என் கையால் எழுதி, ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று அறிந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம். உங்கள் கணினி இன்னும் பழையது என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: டெபியன் 13ல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி கிடையாது. கோர் 2 டுயோ 64 பிட் என்பதால் எனக்குச் சிக்கல் வரவில்லை.

வன்பொருளில் முக்கியம் நெட்வொர்க் கார்டு. மதர்போர்டில் ஒரே ஒரு லேன் போர்ட் இருந்தது. எனக்கு மூன்று வேண்டும்: இணையத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, கேமராக்களுக்கு ஒன்று. சென்னை ரிச்சி தெருவில், சர்வர்களிலிருந்து கழற்றி விற்கும் இரண்டு போர்ட் இன்டெல் கார்டு ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்தது. பழைய பிசிஐ துளையில் செருகும் கிகாபிட் கார்டு இன்னும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அந்தப் பாதையின் மொத்தக் கொள்ளளவே நொடிக்கு 133 மெகாபைட்தான். அதையும் எல்லா பிசிஐ கார்டுகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டே சரியானது. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு அந்தத் துளையிலேயே இதைச் செருகினேன். மின்சாரமும் மிச்சமாயிற்று.

பலரும் கவனிக்காமல் விடுவது சின்ன பித்தான் பேட்டரியை. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 தீர்ந்துபோயிருந்தால், மின்தடைக்குப் பிறகு கணினி பழைய தேதியோடு எழும்; அல்லது எஃப்1 பொத்தானை அழுத்தச் சொல்லிக் காத்திருக்கும். விசைப்பலகையும் திரையும் இல்லாமல் மூலையில் இருக்க வேண்டிய பெட்டிக்கு இது ஆகாது. புது பேட்டரி போட்டு, மின்சாரம் திரும்பியதும் தானாக எழும்படியும், விசைப்பலகை இல்லை என்று முரண்டு பிடிக்காதபடியும் பயாஸில் மாற்றினேன். வன்தட்டுக்குப் பதில் ஒரு சிறிய எஸ்எஸ்டி. சிடி டிரைவின் கம்பிகளையும் பிடுங்கிவிட்டேன்.

மின்கட்டணக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதைச் சொல்லாமல் பழைய கணினியைப் பரிந்துரைப்பது நியாயமில்லை. என் பெட்டி ஏறத்தாழ 45 வாட் இழுக்கிறது. நாள் முழுவதும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 65 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் பாதிக்கு மேல் இது ஒன்றே விழுங்கிவிடும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறுகிற வீடுகள் முதலில் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். வீட்டில் பழைய மடிக்கணினி இருந்தால் மின்சாரத்துக்கு அது நல்லது. ஆனால் கூடுதல் போர்ட்டுகளை யூஎஸ்பி வழியாகத்தான் சேர்க்க முடியும்.

டெபியனை நிறுவுவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வரைகலைத் திரைச் சூழல் எதையும் தேர்ந்தெடுக்காமல், வேறு கணினியிலிருந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்ஹெச் மட்டும் போதும் என்று விட்டால் சிறிது நேரத்தில் முடிந்துவிடும். மூன்று போர்ட்டுகளில் எது எந்தப் பெயரில் இருக்கிறது என்ற குழப்பத்துக்கு எத்டூல் என்ற கருவி உதவியது. பெயரைக் கொடுத்தால் அந்தப் போர்ட்டின் விளக்கை அது சிமிட்ட வைக்கும். உடனே ஒட்டுத்தாளில் எழுதிப் பெட்டியின் பின்புறம் ஒட்டிவிட்டேன்.

அடுத்தது இணைய நிறுவனம். ஃபைபர் வந்து சேரும் பெட்டியை பிரிட்ஜ் மோடில் போட்டுத் தரும்படி கேட்டேன். அப்படிச் செய்தால் அந்தப் பெட்டி வெறும் ஒளியை மின்குறியாக மாற்றித் தருவதோடு நின்றுவிடும். உள்நுழையும் வேலை முழுவதும் என் கணினிக்கு வந்துவிடும். "எதற்கு சார்? வைஃபை நன்றாகத்தானே வருகிறது?" என்று கேட்டார் வந்த பணியாளர். விளக்கியதும் செய்து கொடுத்தார். பிபிபிஓஇ (நிறுவனத்தின் வலைக்குள் உள்நுழையும் முறை) பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. சில நிறுவனங்கள் இணைப்பை ஒரே மேக் முகவரியோடு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) கட்டிவைத்திருக்கும், எங்களுடையதும் அப்படித்தான். பழைய ரவுட்டரின் மேக் முகவரியை என் கார்டுக்குக் கொடுத்ததும் இணைப்பு எழுந்தது.

இனி ஃபயர்வால், அதாவது எந்தத் தொடர்பை விடுவது, எதைத் தடுப்பது என்று முடிவு செய்யும் காவல். லினக்ஸின் மையக்கருவான கெர்னலுக்குள் பாக்கெட்டுகளை (தரவு பயணிக்கும் சிறு பொட்டலங்கள்) நிறுத்திப் பார்க்கும் நெட்ஃபில்டர் 2001ல் வந்த 2.4 கெர்னலிலிருந்து இருக்கிறது. அதற்கு விதி சொல்லும் கருவியாக நெடுங்காலம் ஐபிடேபிள்ஸ் இருந்தது, இப்போது என்எஃப்டேபிள்ஸ். கெர்னலில் 2014ன் தொடக்கத்திலேயே வந்துவிட்டது, டெபியனில் 10ஆம் பதிப்பு முதல் இயல்பானது. புதிதாகத் தொடங்குபவர் ஐபிடேபிள்ஸைத் தேடிப் போக வேண்டாம். இணைய முகவரியின் பழைய முறையான ஐபிவி4, புதிய முறையான ஐபிவி6 இரண்டுக்கும் ஒரே அட்டவணையில் எழுதலாம் என்பதே பெரிய நிம்மதி.

முதலில் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பிறகு தேவையானதை மட்டும் திறப்பதே என் ஒரே கொள்கை. ரவுட்டருக்கே வரும் பாக்கெட்டுகள் இன்புட் என்ற தொடரிலும், ரவுட்டரைக் கடந்து போகிறவை ஃபார்வர்டு என்ற தொடரிலும் சோதிக்கப்படும். இரண்டுக்கும் இயல்பு விதி: கைவிடு. அதன்மேல் முதல் வரியாக, ஏற்கெனவே தொடங்கிய தொடர்பின் பதில் என்றால் அனுமதி. பெரும்பாலான பாக்கெட்டுகள் அந்த வரியிலேயே கடந்துவிடும். பிறகு, வீட்டுப் பக்கத்திலிருந்து இணையத்துக்கு அனுமதி. ரவுட்டரிடம் முகவரி கேட்கவும், பெயர் தேடவும் (தளத்தின் பெயருக்குரிய முகவரியைக் கண்டுபிடிக்க), எஸ்எஸ்ஹெச் வழியே உள்ளே வரவும் வீட்டுப் பக்கத்துக்கு மட்டும் அனுமதி. வெளியே போகும் பாக்கெட்டுகளில் என் இணைப்பின் முகவரியைப் போர்த்தும் மாஸ்கரேடு ஒரு வரி. ஒரு பக்கம் வரும் பாக்கெட்டை மறுபக்கம் கடத்தும், கெர்னலில் இயல்பாக அணைந்திருக்கும் ஐபி ஃபார்வர்டிங்கை இயக்குவது இன்னொரு வரி. வீட்டுச் சாதனங்களுக்கு முகவரி தருவதையும் பெயர் தேடித் தருவதையும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற ஒரே நிரல் பார்த்துக்கொள்கிறது.

இணைப்புக்குக் கிடைத்த ஐபிவி4 முகவரி 100.64 என்று தொடங்கியது. பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்த 2012ல் ஒதுக்கப்பட்ட வரிசை அது. அதனால் ஐபிவி4ல் வெளியிலிருந்து யாரும் நேராக என் கதவைத் தட்ட முடியாது. ஆனால் ஐபிவி6ல் நிலைமை வேறு. வீட்டில் ஒவ்வொரு போனுக்கும் கேமராவுக்கும் உலகத்திலிருந்து நேரே எட்டக்கூடிய முகவரி கிடைத்துவிடும். அங்கே காப்பது ஃபார்வர்டு தொடரின் "கைவிடு" மட்டுமே. மாஸ்கரேடு இருப்பதே பாதுகாப்பு என்று நினைத்து ஐபிவி6ஐத் திறந்து விட்டிருப்பவர்கள் இதை இன்றே பார்க்க வேண்டும். அதற்காக, சாதனங்கள் தங்களுக்குள் நிலைச் செய்தி அனுப்பும் ஐசிஎம்பிவி6ஐ மொத்தமாக அடைத்துவிடவும் கூடாது. பக்கத்துச் சாதனத்தைக் கண்டுபிடிப்பதே அதன் மூலம்தான். இன்னொரு நுணுக்கம்: ஐபிவி6 ஃபார்வர்டிங்கை இயக்கியவுடன், இணைய நிறுவனத்தின் ரவுட்டர் தன்னை அறிவிக்கும் ரவுட்டர் விளம்பரங்களைக் கேட்பதைக் கெர்னல் நிறுத்திவிடும். இணையப் பக்கத்துக் கார்டுக்கு மட்டும், அவற்றைக் கேட்கச் சொல்லும் அமைப்பை (accept_ra) 2 என்று வைத்தால் மறுபடி கேட்கும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஒரு விசித்திரமான தொல்லை வந்தது. பெரும்பாலான தளங்கள் திறந்தன. சில மட்டும் பாதியில் உறைந்து நின்றன. பிங் போகிறது, பெயர் கிடைக்கிறது, பக்கம் வருவதில்லை. காரணம் பிபிபிஓஇ. சாதாரண ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் மிஞ்சுவது 1492. இதைவிடப் பெரிய பாக்கெட் வந்தால், "இது பெரிது, சிறிதாக்கி அனுப்பு" என்று அனுப்பியவருக்கு ஐசிஎம்பி செய்தி திரும்ப வேண்டும். சில தளங்களின் ஃபயர்வால்கள் அந்தச் செய்தியையே உள்ளே விடுவதில்லை. அனுப்பியவர் 1500லேயே திரும்பத் திரும்ப அனுப்புவார். எதுவும் வந்து சேராது. தீர்வு ஒரே வரிதான். டிசிபி தொடர்பு தொடங்கும்போதே, ஒரு துண்டின் அளவு 1452 பைட்டுக்கு மேல் வேண்டாம் என்று இரு பக்கமும் அறியும்படி என்எஃப்டேபிள்ஸில் எழுதினேன். உறைந்த தளங்கள் எல்லாம் உடனே திறந்தன. பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பியை மொத்தமாக அடைப்பவர்கள் மீது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

பிறகுதான் கேமராக்களிடம் வந்தேன். பதிவுப் பெட்டியையும் கேமராக்களையும் மூன்றாவது போர்ட்டில் தனி வலையாக, 192.168.30 வரிசையில் வைத்தேன். அடைப்பதற்கு முன், அந்த வலைக்குத் தற்காலிகமாக இணைய அனுமதி கொடுத்து, கடந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு வெறுமனே பார்த்தேன். வீட்டில் யாரும் கேமரா செயலியைத் திறக்கவில்லை. ஆனாலும் பதிவுப் பெட்டி நொடிக்கு நொடி வெளியே எங்கோ இருக்கும் சர்வர்களோடு பேசிக்கொண்டே இருந்தது. பெயர் தேட என் ரவுட்டரைக் கேட்கச் சொல்லியிருந்தும், அதை மதிக்காமல் நேரே கூகுளின் 8.8.8.8 சர்வரைக் கேட்டது. அது தீங்கு செய்கிறது என்று நான் சொல்லவில்லை. தொலைவிலிருந்து படம் பார்க்கும் வசதிக்கு அப்படி ஒரு தொடர்பு தேவைதான். ஆனால் என் வீட்டு வாசல் படமாகும் பெட்டி எனக்குத் தெரியாத ஊர்களோடு இரவு பகலாகத் தொடர்பில் இருப்பதைத் திரையில் வரி வரியாகப் பார்த்தபோது, இத்தனை வேலையும் இதற்காகத்தான் என்று தோன்றியது. 2016ல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்துத்தான் பெரும் தாக்குதல்களை நடத்தியது.

பார்த்து முடித்ததும், கேமரா வலைக்கு இணையத்தை விட்ட அந்தத் தற்காலிக வரியை நீக்கினேன். இயல்பு விதியே அந்தப் பேச்சை நிறுத்திவிட்டது. நேரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பதிவில் தேதி பிசகும். அதனால் ரவுட்டரிலேயே குரோனி என்ற நேர நிரலை ஓடவிட்டு, பதிவுப் பெட்டி அதைக் கேட்கும்படி செய்தேன். வீட்டு வலையிலிருந்து கேமராக்களைப் பார்க்கலாம். கேமராக்கள் வீட்டுச் சாதனங்களைத் தொட முடியாது.

"ஆபீஸிலிருந்து வாசலைப் பார்க்க முடியாவிட்டால் கேமரா எதற்கு?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. வெளியிலிருந்து வீட்டு வலைக்கு மறையாக்கப்பட்ட வழி போடும் வயர்கார்டை அமைத்தேன். 2020ல் வந்த 5.6 கெர்னலிலிருந்து அது லினக்ஸின் உள்ளேயே இருக்கிறது. அது பயன்படுத்தும் சாச்சா20 மறையாக்கம், ஏஇஎஸ் என்ற இன்னொரு மறையாக்கத்தின் கணக்குக்கான தனிக் கட்டளைகள் இல்லாத என் பழைய பிராசஸரிலும் சுறுசுறுப்பாக ஓடுகிறது. ஐபிவி4ல் வெளியிலிருந்து வர வழியில்லாததால் ஐபிவி6ல் ஒரே ஒரு யூடிபி போர்ட்டை (கேபிள் செருகும் போர்ட் அல்ல, மென்பொருளுக்கான கதவு எண்) திறந்தேன். மொபைல் டேட்டாவிலும் ஐபிவி6 கிடைப்பதால் போனில் வயர்கார்டை இயக்கியதும் வாசல் தெரிகிறது. மறையாக்கச் சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது என்பதால், வெளியிலிருந்து துழாவுபவருக்கு அங்கே ஒரு போர்ட் திறந்திருப்பதே தெரியாது.

பிள்ளைகள் பெரிய கோப்பை ஏற்றும்போது வீடியோ அழைப்பு தடுமாறுவது நெடுநாள் புகார். 4.19 கெர்னலில் சேர்ந்த கேக் என்ற வரிசை முறையை, இணைப்பின் வேகத்தைவிடச் சற்றே குறைவான அளவில் இணையப் பக்கத்தில் வைத்தேன். அந்தப் புகார் நின்றது.

இப்போது பெட்டி இன்வெர்ட்டரில் இருக்கிறது. பழைய வைஃபை ரவுட்டர், சாதனங்களுக்கு முகவரி தரும் டிஹெச்சிபி அணைக்கப்பட்டு, வைஃபை தரும் வேலையை மட்டும் செய்கிறது. நான் ஊரில் இல்லாதபோது டெஸ்க்டாப் படுத்துவிட்டால் வீடு தவிக்கக் கூடாது. ஆகவே சிறிய ரவுட்டர் ஒன்றில் அதே பிபிபிஓஇ விவரங்களையும், அதே மேக் முகவரியையும், அதே 192.168.10.1 முகவரியையும் போட்டுப் பெட்டியின் மேலேயே வைத்திருக்கிறேன். சிவப்பு நாடா சுற்றிய இரண்டு கேபிள்களை அதற்கு மாற்றினால் இணையம் வந்துவிடும். கேமரா கேபிளில் நாடா சுற்றவில்லை. அதை யாரும் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.