எதிர்விளிம்பைப் பார்த்த பிறகே விலை

நாகர்கோவில் வடசேரியில் தேநீர்க்கடை நடத்தும் தம்பி ஒருவர், கல்லாவில் வந்து விழும் வித்தியாசமான காசுகளை, அச்சடிப்பில் பிழை நேர்ந்த நாணயங்களைச் சேகரிக்கும் எனக்காக ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பார். சென்ற மாதம் அதிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக் கொடுத்து, "அண்ணே, இது தேறுமா?" என்று கேட்டார். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு நாணயம் அது. ஓரத்தில் பிறை வடிவில் ஒரு பகுதி இல்லை.

இத்தகைய காசில் நான் முதலில் பார்ப்பது குறைந்த இடத்தை அல்ல, அதற்கு நேர் எதிரே உள்ள விளிம்பை. தகட்டிலிருந்து காசாகப் போகும் வட்ட வில்லைகளை வெட்டும்போது, முன்பே வெட்டிய துளையின் மேல் அடுத்த வெட்டு ஏறிவிட்டால் இந்தப் பிறை உண்டாகிறது. அந்த வில்லை விளிம்பு எழுப்பும் இயந்திரத்தில் உருளும்போது, பிறை உள்ள பக்கத்தில் பிடிமானம் கிடைக்காததால் எதிர்ப்புறத்திலும் விளிம்பு பெரும்பாலும் சரியாக எழும்புவதில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தபோது, தம்பியின் காசில் அந்த இடம் மழுங்கிக் கிடந்தது; அசல் பிழைக்கு அது நல்ல அடையாளம். எடையும் 4.85 கிராமுக்குப் பதிலாக 4.6 தான் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் நல்ல விலை கொடுத்து நான் வாங்கிய ஒரு காசில் எதிர்விளிம்பு முழுமையாக இருந்ததோடு, வெட்டுவாயில் அரம் ஓடிய கோடுகளும் தெரிந்தன; யாரோ ராவிச் செய்த போலி அது. அன்று முதல் இந்தச் சோதனையை நான் தவறவிட்டதில்லை.

ஆண்டுக்குக் கீழே நாணயச்சாலையின் குறி இல்லை என்பதற்காக ஒரு காசைப் பிழை என்று விற்பவர்கள் உண்டு. மும்பைக்கு வைரம், ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி; கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. அது பிழையன்று. காசை அடிக்கும் அச்சில் விழுந்த விரிசலால் வரும் கோடு மேடாக நிற்கும், பின்னால் விழுந்த கீறல் பள்ளமாக இருக்கும் என்பதை விரல் நுனியே சொல்லிவிடும்.

1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த பகுதி என்பதால், சங்கு பொறித்த செப்புக்காசுகள் இங்கே பழைய வீடுகளில் இன்னும் கிடைக்கின்றன. என்னிடம் உள்ள ஒன்றில் ஒரு பக்கம் சங்கு புடைத்தும், மறுபக்கம் அதே சங்கு இடவலம் மாறிக் குழிந்தும் இருக்கிறது. முன்பு அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லை அதன்மேல் அறையப்பட்டதன் விளைவு இது. இரண்டு காசுகளை இடுக்கியில் நெருக்கியும் இப்படிப் போலி செய்வார்கள். ஆனால் அப்போது புடைப்புப் பக்கம் நசுங்கிவிடும். என் காசில் சங்கின் சுருள்கள் ஒவ்வொன்றும் கூர்மையாக நிற்கின்றன. புளி போட்டுத் துலக்கியிருந்தால் அதன் மதிப்பில் பெரும்பகுதி போயிருக்கும்; தயவுசெய்து யாரும் பழங்காசைத் துலக்காதீர்கள்.

விலையைப் பொறுத்தவரை, கேட்கும் தொகையை நான் கணக்கில் எடுப்பதில்லை. ஏலத்தில் உண்மையில் கைமாறிய தொகையையே பார்க்கிறேன். பழைய காசை வாங்கி விற்பதாகச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் கேட்பவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. பிறை பெரிதாகி, ஆண்டும் குறியும் தெளிவாகத் தெரிந்தால் விலை ஏறும். ஒரு பக்கத்து அச்சு மறுபக்கத்துக்கு நேராக இல்லாமல் பத்துப் பதினைந்து பாகை திரும்பியிருப்பதற்கெல்லாம் யாரும் கூடுதலாகத் தருவதில்லை. தம்பியின் காசில் பிறை சிறியது, ஆண்டு முழுமையாக இருந்தது. இருநூறு ரூபாய் தருகிறேன் என்றேன்; அவர் தன் மகளுக்காக வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். காற்றுப் புகாத உறை ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.