வெயிலும் பிரஷரும்

பினாங்கு தண்ணீர்மலைப் பக்கம் காலையில் நடக்க வரும் பெருசுகளிடம் வெயிலைப் பற்றிக் கேட்டால் 'வைட்டமின் டி' என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும், அடுத்து பசியாறப் போக வேண்டுமே!

வெயிலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நம் தோலுக்குள் நைட்ரைட் போன்ற சேர்மங்கள் ஏற்கெனவே சேர்ந்து கிடக்கின்றன. வெயிலில் இருக்கும் யுவிஏ என்ற புற ஊதாக் கதிர் பட்டதும் அவற்றிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வாயு வெளியாகிறது. அது ரத்தக்குழாய்ச் சுவரைத் தளர்த்தும். குழாய் விரியும், பிரஷர் கொஞ்சம் இறங்கும். நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரை வேலை செய்வதும் இதே வாயுவை வைத்துத்தான்.

2014இல் பிரிட்டனின் எடின்பரோ, சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 24 பேரை 20 நிமிடம் புற ஊதா விளக்கடியில் இருக்க வைத்துப் பார்த்தார்கள். கதிரைத் தடுத்துச் சூடு மட்டும் பட்டபோது பிரஷர் இறக்கம் நீடிக்கவில்லை. கதிர் பட்டபோது நீடித்தது. வைட்டமின் டி அளவோ மாறவேயில்லை.

"அப்போ மாத்திரைய நிறுத்திரலாமா தம்பி?" என்று கேட்டார் கூட நடக்கும் அங்கள் ஒருவர். அந்தப் பேச்சே வேண்டாம் அங்கள். இறங்குவது கொஞ்சம்தான், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. நம்ம ஊர் மத்தியான வெயிலில் நின்றால் தோல்தான் கருகும்.