625001: நம்மூர் பின்கோடுக்குள்ளே

மதுரை தலைமைத் தபால் நிலையத்தின் பின்கோடு 625001. பார்த்தால் பகா எண் மாதிரி முறைப்பாக நிற்கும். ஆனால் 13-ஆல் வகுபடும்.

கால்குலேட்டர் வேண்டாம். 1001 என்பது 7 × 11 × 13. அதனால் எண்ணை மும்மூன்று இலக்கமாகப் பிரித்துக் கழித்து, வரும் விடையை இந்த மூன்றும் வகுக்கிறதா என்று பார்த்தாலே போதும். 625-லிருந்து 001 போனால் 624. அது 13 × 48. முடிந்தது. 7-ம் 11-ம் 624-ஐ வகுக்காது, ஆகவே இந்த எண்ணையும் வகுக்காது.

13-ஆல் வகுத்தபின் கிடைப்பது 48077. இதுதான் பொறுமையைச் சோதிக்கும். ஒவ்வொரு பகா எண்ணாகப் போட்டுக்கொண்டே போனால் 131-ல்தான் வழிவிடும். ஆக, 625001 = 13 × 131 × 367.

எனக்குப் பிடித்தது அடுத்த கேள்வி: இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாமா? 4-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் ஆசை காட்டும். ஆனால் மீதி 3 தரும் பகாக் காரணி ஒவ்வொன்றும் இரட்டைப்படைத் தடவை வந்தால்தான் முடியும். 1640-ல் ஃபெர்மா என்ற கணித மேதை ஒரு கடிதத்தில் சொன்ன, பிறகு ஆய்லர் என்ற இன்னொரு மேதை நிரூபித்த விஷயத்தின் நீட்சி இது. இங்கே 131, 367 இரண்டுமே மீதி 3, ஒவ்வொரு தடவைதான் வருகின்றன. முடியாது. ஒன்றே ஒன்று குறைத்தால் 625000 = 250² + 750². என்ன அநியாயம் பாருங்கள்!

திருப்பரங்குன்றம் 625005 சிதறுகாய் மாதிரி உடையும்: 3² × 5 × 17 × 19 × 43. அப்புறம் 625020-க்குள் ஒரு 947 ஒளிந்திருக்கிறது. கே.கே. நகர்க்காரர்கள் தேடிக்கொள்ளுங்கள்.