பல்லி விழுந்த பானை

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கைபேசியில் ஓர் எச்சரிக்கைகூட ஒலிக்கவில்லை. நெட்வொர்க் நலமாக இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கினேன். திங்கள் காலையில்தான் தெரிந்தது, எச்சரிக்கை அனுப்ப வேண்டிய மென்பொருளே மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கிறது என்று.

பின்னணியில் ஓடும் மென்பொருள்களைக் காட்டும் சர்வீஸ் பட்டியலைத் திறந்து ஸ்டார்ட் அழுத்தினேன். பச்சைக் கோடு பாதி தூரம் ஊர்ந்து போய் நின்றது. 'பிழை 1067: செயல்பாடு எதிர்பாராமல் நின்றுவிட்டது.' யார் எதிர்பாராமல்? அது சொல்லவில்லை. (கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டிகளான சுவிட்சுகளிடம் நலம் விசாரிக்க நாங்கள் பயன்படுத்தும் எஸ்என்எம்பி நெறிமுறையை 1988இல் முதலில் வெளியிட்ட ஆர்எஃப்சி என்ற இணைய விதி ஆவணத்தின் எண்ணும் 1067தான். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் சகுனம் போலத் தோன்றியது.)

வழக்கமான சந்தேகம், போர்ட் மோதல்: இரண்டு மென்பொருள்கள் ஒரே வாசல் எண்ணுக்குச் சண்டை போடுவது. 8080இல் வேறு யாராவது குடியேறிவிட்டார்களா என்று, எந்த வாசலில் யார் எனக் காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். வீடு காலி. ஆன்டிவைரஸை நிறுத்தினேன், சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன், சர்வீஸ் கணக்கின் கடவுச்சொல்லை மறுபடி அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு அதே 1067.

பிறகு, மென்பொருள் தன் நடப்புகளை எழுதி வைக்கும் லாக் கோப்புறைக்குப் போனேன். அங்கிருந்த ஒரே கோப்பு வெள்ளி இரவு 11.42க்குக் கடைசியாக மாறியிருந்தது. இன்றைய பிழைக்கு வெள்ளிக்கிழமைக் கோப்பு எதற்கு, லாக் வேறெங்கோ எழுதப்படுகிறது என்று தீர்மானித்து, இன்னும் ஒரு மணி நேரம் இல்லாத கோப்பைத் தேடினேன். அந்தக் கோப்பின் பக்கத்தில் ஒன்பது இலக்கத்தில் ஓர் எண் நின்றது. கேபி கணக்குதானே என்று இலக்கங்களை எண்ணவில்லை.

புதிதாகச் சேர்ந்த பையன் பின்னால் வந்து நின்றான்.

"சார், டி டிரைவ் ஏன் சிவப்பாக இருக்கிறது?"

மீதி இடம்: 0 பைட். லாக் கோப்பு மட்டும் 180 ஜிபி சொச்சம். பிழையை எழுதி வைக்கக்கூட இடமில்லாமல் வெள்ளி இரவே பேனாவை மூடிவிட்டிருக்கிறது. ஊர் சர்வர்களின் டிஸ்க்கெல்லாம் நிறைகிறதா என்று நிமிடத்துக்கொரு முறை எட்டிப் பார்க்கும் மென்பொருள் இது. ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி!

பல்லியைத் தள்ளிவிட்ட கை என்னுடையது. இரண்டு மாதம் முன்பு ஒரு சுவிட்ச் சரியாகப் பதில் தராததால், லாக் அளவை, ஒன்றுவிடாமல் எழுதும் டீபக்குக்கு மாற்றியிருந்தேன். பத்து நிமிடத்துக்கு மட்டும். அன்றிலிருந்து அத்தனை சுவிட்சுகளிடமும் கேட்ட கேள்வி, வந்த பதில் எல்லாம் வரி பிசகாமல் பதிவாகியிருக்கின்றன.

"முன்கூட்டியே எச்சரித்திருக்காதா சார்?" என்றான்.

எச்சரித்திருந்தது. 80 சதவீதத்தில் ஒன்று, 90இல் ஒன்று, 95இல் ஒன்று. தலைப்பில் 'எச்சரிக்கை' என்றிருக்கும் மின்னஞ்சல்களையெல்லாம் 'பிறகு பார்க்கலாம்' என்ற கோப்புறைக்குத் தள்ளிவிட நானே விதி எழுதி வைத்திருந்தேன். அதில் படிக்காதவை 4,316. பையன் திரையைப் பார்த்துவிட்டு, மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

லாக்கை அழித்தேன், டீபக்கை அணைத்தேன், ஸ்டார்ட் அழுத்தினேன். பச்சைக் கோடு இம்முறை கடைசிவரை போனது. எழுந்ததும் மென்பொருள் செய்த முதல் வேலை எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது: 'எச்சரிக்கை நீங்கியது: டி டிரைவில் போதிய இடம் உள்ளது.'

படிக்காதவை 4,317.