அடிவயிற்று வலி: "வாயு" என்று விடுவதற்கு முன்

நம்ம பக்கம் பெண்களுக்கு அடிவயிறு வலித்தால் முதலில் வருவது சுக்குத் தண்ணீர், அடுத்தது தொப்புளில் விளக்கெண்ணெய். வாயு என்றால் காற்றுப் பிரிந்ததும் வலி இறங்கிவிடும். இறங்கவில்லையென்றால் வீட்டு ஆச்சிமார் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கடைசி மாதவிலக்கு எந்தத் தேதி?

நாள் தள்ளிப்போய், ஒரு பக்கமாக வலி, லேசான ரத்தக் கசிவு என்றால் கரு கர்ப்பப்பைக்குள் வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம். பெரும்பாலும் 6 முதல் 8 வாரத்தில் இது தெரியவரும். குழாய் வெடித்தால் ரத்தம் வயிற்றுக்குள்ளேயே கொட்டும், வெளியே கொஞ்சம்தான் படும். அதனால்தான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். தோள்பட்டை வலி, கண் இருட்டல், மயக்கம் வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். "எனக்குத்தான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிடுச்சே" என்று இருந்துவிடாதீர்கள், ஆபரேஷன் ஆனவர்களுக்கும் இது வரலாம்.

திடீரென்று ஒரு பக்கம் சுருட்டிப் பிடித்து, கூடவே வாந்தியும் வந்தால் நீர்க்கட்டியோடு சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரித்துவிட்டால்தான் சினைப்பையைக் காப்பாற்ற முடியும். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது கீழ்ப்பக்கம் போய் நிற்கும் வலி குடல்வாலுடையது. இந்த மாதிரி வலிகளில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை சாப்பாடு, காபி எதுவும் கொடுக்காதீர்கள். உடனே ஆபரேஷன் தேவைப்படலாம்.

நீர்க்கடுப்பு இங்கே சாதாரணம். கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் பாத்ரூம் வசதிக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் நாள் முழுக்க அடக்கி வைப்பார்கள். எரிச்சலோடு குளிர்க்காய்ச்சலும் விலாப்பக்க வலியும் சேர்ந்தால் கிருமி சிறுநீரகம்வரை ஏறியிருக்கும். ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோடு காய்ச்சலும் வலியும் என்றால் கர்ப்பப்பை, குழாய்களில் தொற்று. கணவருக்கும் சேர்த்தே வைத்தியம் தேவைப்படலாம்.

மாதாமாதம் பள்ளிக்கூடமோ வேலையோ போகமுடியாத அளவுக்கு வலிக்கிற பெண்ணிடம் "கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்" என்று சொல்வதை நிறுத்த வேண்டும். கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். விலக்குக்கு முந்தியே வலி தொடங்கும், அந்த நாட்களில் மலம் கழிக்கும்போதும் வலிக்கும். ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் இது இல்லை என்று ஆகிவிடாது. தேதி, வலிக்கிற இடம், போட்ட மாத்திரை மூன்றையும் காலண்டரில் குறித்து மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.

விலக்கு நின்ற ஆச்சிமாருக்கு இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து உப்புசம், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது, அடிக்கடி சிறுநீர் என்றால் ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும், சினைப்பைப் புற்றுநோய் இப்படித்தான் தலைகாட்டும். விலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அதே வாரத்தில் காட்டிவிடுங்கள்.