லெம்பே பயணத்துக்கு முன்: ஒரு சட்டைப் பொத்தானும் நூலும்

கடலுக்கடியில் படம் எடுக்க, செப்டம்பரில் லெம்பே போகிறேன். இந்தோனேசியாவில் வட சுலாவெசிக் கரைக்கும் லெம்பே தீவுக்கும் நடுவே இருக்கும் ஒடுக்கமான கடல் அது. தரையெல்லாம் எரிமலைக் கரிமணல். உடம்பெல்லாம் மயிர் முளைத்தாற்போல் இருக்கும் தவளைமீனும், தீப்பெட்டிக்குள் அடங்குகிற நீலவளையப் பேய்க்கணவாயும் அந்த மணலில்தான் கிடைக்கின்றன. நான் ஏங்கிக் காத்திருப்பது குட்டிக் கடல்குதிரைக்கு. விசிறிப் பவளத்தின் நிறமும் முண்டும் அப்படியே அதன் மேலும் இருக்கும். மொத்த நீளமே பெரும்பாலும் 2 செ.மீ.கூட வராது.

பயண ஏற்பாடு எளிதாகத்தான் முடிந்தது. நான் இருக்கும் சிங்கப்பூரிலிருந்து மனாடோவுக்கு நேரடி விமானம், அங்கிருந்து பிட்டுங் துறைமுகம் வரை கார், அப்புறம் படகு. ஆறு நாள் டைவ். ஏழாம் நாள் தண்ணீரில் இறங்குவதில்லை. பல நாள் தொடர்ந்து டைவ் செய்தால் உடம்பில் தேங்கிய நைட்ரஜன் வெளியேற, விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரமாவது விட வேண்டும். அந்த நாளில் பக்கத்துத் தங்கோகோ காட்டில் டார்சியர் என்ற குட்டிக் குரங்கின விலங்கைப் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன். உள்ளங்கையளவு உடம்பு, முகம் முழுக்கக் கண்.

கேமராவுக்கு மிக நெருங்கிப் படமெடுக்க 60 மி.மீ. மேக்ரோ லென்ஸ், ஸ்ட்ரோப் எனும் ஃபிளாஷ் விளக்கு இரண்டு. கேமராவைத் தண்ணீர் புகாமல் காக்கும் ஹவுசிங் பெட்டியை முதலில் கேமரா இல்லாமல், உள்ளே டிஷ்யூ தாள் வைத்து ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வைத்தேன். தாளின் ஓரம் ஈரமாகியிருந்தது. மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், குறுக்கே ஒரே ஒரு தலைமுடி. துடைத்து, கிரீஸ் தடவி மறுபடி அமுக்கினேன். தாள் காய்ந்தே இருந்தது.

உண்மையான வேலை நீச்சல்குளத்தில்தான். ஒரு கிலோ ஈயக்கட்டியில் சட்டைப் பொத்தானைக் கட்டி, பயிற்சிக் குளத்தின் அடியில் வைத்தேன். லென்ஸுக்கும் பொத்தானுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. அவ்வளவு நெருக்கத்தில் லென்ஸ் திறப்பை எஃப் 16 வரை சுருக்கினாலும், பொத்தான் துளையில் குறுக்கே போகும் நூலின் முறுக்கு துல்லியமாக விழுந்தால் பொத்தானின் விளிம்பு மங்கிவிடுகிறது. மூச்சை இழுத்தால் உடம்பு இரண்டு விரல் மேலே போகிறது, அதோடு ஃபோகஸும் போகிறது. மூச்சை அடக்குவதும் ஆபத்து. ஆகவே மெதுவாக வெளியே விடும் அந்தச் சில நொடிகளில்தான் ஷட்டரை அமுக்க வேண்டும். முதல் நாள் 30 படத்தில் 4 தேறியது. மூன்றாம் வாரம் 19.

நூலின் ஒரு முனையை வேண்டுமென்றே நீளமாக விட்டிருக்கிறேன். நான் நெருங்கும்போது அந்த முனை ஆடினால், லெம்பேயில் அதே இடத்தில் கரிமணல் புகைபோலக் கிளம்பியிருக்கும். படம் கெடுவது ஒருபக்கம், மணலில் பதுங்கியிருக்கும் உயிர் என்ன பாடுபடும்? அங்கே கூட வரும் டைவ் கைடு, கம்பியால் எந்த உயிரையும் நகர்த்தித் தர வேண்டாம் என்றும் முன்கூட்டியே எழுதிவிட்டேன். அது எப்படி உட்கார்ந்திருக்கிறதோ அப்படியே கிடைத்தால் போதும்.

போன ஞாயிறு 12 படம் வரை நூல் அசையவில்லை. 13-ஆவது படத்தில் கால் தாழ்ந்து, இடது காலில் மாட்டிய துடுப்பு தரையை உரசிவிட்டது. கால் தாழாமலிருக்க, இடுப்பு பெல்ட்டிலிருந்து ஒரு கிலோ ஈயத்தை எடுத்து சிலிண்டரின் மேல்பட்டையில் மாட்டியிருக்கிறேன். இந்த ஞாயிறு மறுபடி இறங்க வேண்டும்.