ஐரிஷ் டிரை ஸ்டவுட்: மூன்று ஈடு, ஒரே சரக்கு, இரண்டு விதத் தண்ணீர்

ஐரிஷ் டிரை ஸ்டவுட் என்பது இனிப்பில்லாத கறுப்பு பீர். வீட்டில் 19 லிட்டர் காய்ச்சச் சரக்கு: பேல் மால்ட் (முளைகட்டி உலர்த்திய வெளிர் பார்லி) 2.6 கிலோ, பார்லி அவல் 750 கிராம், கருக வறுத்த பார்லி 370 கிராம். கசப்பு தரும் ஆல்ஃபா அமிலம் 5 சதவீதம் உள்ள கென்ட் கோல்டிங்ஸ் ஹாப்ஸ் (கசப்புப் பூ) 60 கிராம், கொதி தொடங்கியதும் மொத்தமாக. ஐரிஷ் ஏல் ஈஸ்ட், நொதிப்பு 19 டிகிரியில்.

வறுத்த பார்லி முளைகட்டாதது. 1880 வரை மால்ட்டுக்குத்தான் வரி; அதைத் தவிர்க்க வழி இருக்கக்கூடாதென்று முளைகட்டாத தானியத்தைச் சட்டம் அனுமதிக்கவில்லை. அதுவரை ஸ்டவுட்டுக்குக் கறுப்பு தந்தது, டேனியல் வீலர் 1817-இல் காப்புரிமை பெற்ற வறுப்பு முறையில் வந்த கறுப்பு மால்ட். இன்று ஐரிஷ் ஸ்டவுட்டில் எழும் காப்பி மணம் இந்தப் பார்லியுடையது. அதைக் குறைத்தால் ஸ்டவுட்டே இல்லை.

முதல் ஈடு, ஆர்.ஓ. தண்ணீர். 71 டிகிரியில் 10 லிட்டர் ஊற்றித் தானியத்தைக் கொட்டியதும் 65-இல் நின்றது. இந்த ஊறலைத்தான் மாஷ் என்பது. பிஎச் 5.2. அடர்த்தி (வெறும் தண்ணீர் 1.000) 1.041-இல் தொடங்கி 1.010-இல் முடிந்தது, கணக்குப்படி எல்லாம் சரி. வாயில் வைத்தால் புளிப்பும், சாம்பலை நக்கியது போன்ற எரிச்சலும். வறுத்த பார்லி அமிலத்தன்மை உள்ளது. அதைத் தாங்கும் பைகார்பனேட் ஆர்.ஓ. நீரில் கிடையாது. டப்ளினின் பழைய நீரில் அது ஏராளம், அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. அந்த ஊரில் கறுப்பு பீர் தழைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே ஈட்டில் வடிப்பும் அடைத்துக்கொண்டது. பார்லி அவலில் உள்ள பீட்டா குளுக்கான் என்னும் பிசுபிசுப்பான நார்ப்பொருள் கஞ்சிப் பசைபோல் தானியப் படுகையை மூடிவிடும். குழாயை அகலத் திறந்தால் படுகை இன்னும் இறுகும். குழாயை மூடி, மெல்லக் கிளறி, 10 நிமிடம் படியவிட்டு, நூல்போல் வடிய விடவேண்டும். அடுத்த ஈடுகளில் கழுவிய நெல் உமி 150 கிராம் கலந்ததும் சிக்கல் தீர்ந்தது. அவலை நிறுத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். நுரை நிற்பதும் நாக்கில் வழுவழுப்பு வருவதும் அதனால்தான்.

இரண்டாம் ஈடு, அதே தண்ணீர். வறுத்த பார்லியை மாஷின் கடைசி 10 நிமிடத்தில் மட்டும் சேர்த்தது. எரிச்சல் போயிற்று, கூடவே சுவையின் அழுத்தமும் போயிற்று. ஆறிய காப்பிபோல் சப்பென்று இருந்தது.

மூன்றாம் ஈடு. ஆர்.ஓ. மாஷ் தண்ணீர் 10 லிட்டரில் சமையல் சோடா (பைகார்பனேட்தான்) 3 கிராம், வறுத்த பார்லி முதலிலிருந்தே. பிஎச் 5.4. சோடாவை மாஷ் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தானியத்தைக் கழுவ ஊற்றும் 76 டிகிரி நீரில் போட்டால் பிஎச் ஏறி, உமியிலிருந்தும் தோலிலிருந்தும் துவர்ப்பு இறங்கும். 24 லிட்டர் வடித்து ஒரு மணி நேரம் கொதிக்கவைத்ததில் 19 லிட்டர் கிடைத்தது.

பாட்டிலில் அடைக்க மொத்தத்துக்கும் சர்க்கரை 75 கிராம் போதும். கூடினால் கரியமில வாயு நாக்கைக் குத்தி, வறுவல் சுவையை மறைத்துவிடும். கின்னஸ் 1959-இல் நைட்ரஜனுக்கு மாறியதும் இந்த மென்மைக்காகத்தான். வீட்டில் அந்த நுரை வேண்டுமென்றால் 75 சதவீத நைட்ரஜன் கலவையும், துளைத்தட்டு உள்ள ஸ்டவுட் குழாயும் வாங்கவேண்டும்.

மூன்றாவது வாரம் திறந்தபோது புளிப்பு இல்லை. கசப்பு தொண்டையில் சுத்தமாக முடிந்தது. கிளாஸை விளக்குக்கு நேரே பிடித்தால் அடியோரத்தில் மாதுளை முத்தின் சிவப்பு. அடுத்த ஈட்டில் சோடா 4 கிராம்.